ரண சிகிச்சை மேதை அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவி

காலில் உள்ள புண்ணின் மேல் தோல் மூடிக்கொண்டால், அது ஆறிவிட்டது என்று நாம் நிம்மதி அடைகிறோம். ஆனால் சில புண்கள் அவ்வாறு ஆறுவதில்லை. ஒரு மாதம் மூடியிருக்கும். மறு மாதம் வீங்கிச் சிவந்து, வெடித்துச் சீழ் வடியும். பின்னர் மீண்டும் மூடிக்கொள்ளும். இப்படியே ஆண்டுகள் பல கழியும். இத்தகைய புண்ணின் வேர் தோலிலும் இல்லை, தசையிலும் இல்லை. உள்ளே உயிரற்றுப்போன எலும்பில் இருக்கிறது. அவ்வெலும்புத் துண்டு உள்ளே கிடக்கும் வரையில் எந்தக் களிம்பும், எந்தப் பச்சிலைப் பற்றும் அப்புண்ணை நிலையாக ஆற்ற மாட்டா.

இவ்வுண்மையை ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் நன்கு உணர்ந்து, தம் கையால் செய்து காட்டி, பின்வரும் வைத்தியர்களுக்குப் பயன்படும் வண்ணம் எழுதியும் வைத்தார் ஒரு பெருமகனார். அவரே ஸ்பெயின் நாட்டில் வாழ்ந்த அபுல் காஸிம் கலஃப் இப்னு அல்அப்பாஸ் அஸ்ஸஹ்ராவி ஆவார். ஐரோப்பியர் அன்னாரை அல்புகாஸிஸ் என்று அழைத்தனர். மருத்துவ உலகில் அன்னாரின் பெயர் பெரிதும் பேசப்படினும், அன்னார் செய்த காரியம் இன்னதென விவரமாக அறிந்தோர் நம்மில் சிலரே. ஆகவே அன்னாரின் வரலாற்றையும், குறிப்பாக எலும்பு அழுகல் நோய்க்கு அன்னார் செய்த ரண சிகிச்சையையும் அன்பர்கள் முன் ஈண்டு வைக்கிறோம்.

பிறந்த ஊர்

கி.பி. பத்தாம் நூற்றாண்டில் ஸ்பெயினின் பெரும் பகுதி அந்தலுஸ் என்ற பெயரால் முஸ்லிம் ஆட்சியில் இருந்தது. அதன் தலைநகர் குர்துபா. இன்று கொர்தோபா என வழங்கும் ஊர் அதுவே. 929ஆம் ஆண்டில் தம்மைக் கலீஃபாவாக அறிவித்துக்கொண்ட மூன்றாம் அப்துர் ரஹ்மான், குர்துபாவுக்கு மேற்கே மலையடிவாரத்தில் மதீனத்துஸ் ஸஹ்ரா என்னும் புதிய அரச நகரை நிர்மாணித்தார். 936ஆம் ஆண்டை ஒட்டி அவ்வேலை தொடங்கிற்று. ஏறத்தாழ அதே காலத்தில் நம் வைத்தியரும் பிறந்தார். அஸ்ஸஹ்ராவி என்ற பெயர் அந்நகரால் வந்ததே. அன்னாரின் முன்னோர் மதீனாவின் அன்ஸாரிகளின் வழியினர் என்பர்.

அப்துர் ரஹ்மானுக்குப் பின் 961 முதல் 976 வரை ஆண்ட அவருடைய மகனார் இரண்டாம் ஹகம், கிதாபுகளின் மீது பெருங்காதல் கொண்டவர். கிழக்கு நாடுகளுக்கெல்லாம் ஆட்களை அனுப்பி நூல்களை விலைக்கு வாங்கிச் சேர்த்தவர். கிரேக்க வைத்தியர்களின் நூல்களும் அவற்றின் அரபு மொழிபெயர்ப்புகளும் குர்துபாவில் எளிதாகக் கிடைத்த அக்காலத்திலேயே ஸஹ்ராவி வைத்தியம் பயின்றார்.

அன்னாரின் குடும்ப வாழ்க்கையைப் பற்றியும், தோற்றத்தைப் பற்றியும் வரலாற்று ஆசிரியர்கள் எழுதியவை மிகக் குறைவு. பின்வந்த அல்ஹுமைதி என்னும் அறிஞர் அன்னாரை நற்குணமும் மார்க்கப் பற்றும் கல்வியும் உடையவர் எனச் சில வரிகளில் குறித்திருக்கிறார். குர்துபாவின் புகழ்பெற்ற அறிஞர் இப்னு ஹஸ்ம் அன்னாரை நேரில் கண்டவர். அன்னாரின் நூலை வெகுவாகப் பாராட்டியவர். இவற்றைத் தவிர, அன்னார் யார் என்பதை அன்னாரின் கிதாபே நமக்குச் சொல்கிறது. நோயாளியின் அருகில் எவ்வாறு நின்றார், எதற்கு அஞ்சினார், எதற்குத் துணிந்தார் என்பவற்றையெல்லாம் அதிலே காணலாம்.

ஐம்பது ஆண்டுகளின் சாரம்

கி.பி. 1000ஆம் ஆண்டை ஒட்டி முற்றுப்பெற்ற அந்நூலின் பெயர் கிதாபுத் தஸ்ரீஃப் என்பதாகும். தாமே நூல்களைத் தொகுத்துக்கொள்ள இயலாத வைத்தியர்களுக்கு உதவும் தொகுப்பு என்ற பொருள்பட அதன் முழுப் பெயர் அமைந்திருக்கிறது. ஏறக்குறைய ஐம்பது ஆண்டுக் காலத் தொழிலின் சாரம் முப்பது பாகங்களாக அதில் அடங்கியுள்ளது. நோய்களின் குறிகள், மருந்துகளைச் செய்யும் முறைகள், உணவு முறை என்று பலவும் அதில் உண்டு. எனினும் உலகம் மறவாமல் போற்றுவது கடைசியாகிய முப்பதாம் பாகத்தையே. அது முழுக்க முழுக்க ரண சிகிச்சையைப் பற்றியது.

அந்த முப்பதாம் பாகம் மூன்று பிரிவுகளாக உள்ளது. முதற்பிரிவு சூட்டுக்கோலால் சுடும் வைத்தியம். இரண்டாவது அறுத்தல், குத்துதல், தைத்தல், கல் எடுத்தல் முதலியன. மூன்றாவது முறிந்த எலும்பையும் விலகிய மூட்டையும் சரிசெய்தல். கத்தி, கொக்கி, சலாகை, இடுக்கி, ரம்பம், சுரண்டி என ஏறத்தாழ இருநூறு கருவிகளின் படங்களை அதில் வரைந்து, ஒவ்வொன்றும் எதற்கு உதவும் என்பதையும் விளக்கியுள்ளார். கருவியின் உருவத்தைக் கண்ணால் கண்டால்தான் தூர தேசத்து வைத்தியனும் அதை ஒரு கொல்லனிடம் சொல்லிச் செய்துகொள்ள முடியும் என்பதை அறிந்த அறிவு அது.

தம் காலத்தில் தம் நாட்டில் ரண சிகிச்சை அறியும் கைகள் ஏறக்குறைய அற்றுப்போயின என்றும், பழைய நூல்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாக எஞ்சியிருந்த விவரங்களும் படியெடுப்போரின் பிழைகளால் சிதைந்துவிட்டன என்றும் அன்னார் முகவுரையில் வருந்துகிறார். உடற்கூற்றை அறியாமல் கத்தியைத் தொடுபவன் மனித உயிரைப் போக்கிவிடுவான் என்பது அன்னாரின் உறுதியான கருத்து. இதற்குத் தாம் கண்ட சில நிகழ்ச்சிகளையே சான்றாக வைக்கிறார். அவற்றுள் ஒன்று நம் பொருளுக்கு மிகவும் பொருத்தமானது.

நாட்டின் தலைவர் ஒருவரிடம் சம்பளம் பெற்று வந்த ஒரு வைத்தியர் இருந்தார். அத்தலைவரிடம் இருந்த ஓர் இளைஞனுக்குக் குதிகால் பக்கத்தில் எலும்பு முறிந்து, மேலே ரணமும் ஏற்பட்டது. வைத்தியர் அவசர அவசரமாக ரணத்தின் மேலேயே பட்டைகளை வைத்து இறுக்கிக் கட்டினார். ரணத்துக்குக் காற்றுவழியும் வடிகாலும் விடவில்லை. சில நாட்கள் கட்டை அவிழ்க்கக் கூடாதென்றும் சொல்லிவிட்டார். காலும் பாதமும் வீங்கின. இளைஞன் சாவின் விளிம்புக்கு வந்தான். அப்போதுதான் ஸஹ்ராவியை அழைத்தனர். அன்னார் வந்ததும் கட்டை அவிழ்த்தார். வலி தணிந்தது. ஆனால் அழுகல் அதற்குள் உறுப்பிலே வேரூன்றிவிட்டது. அதை அன்னாரால் நிறுத்த முடியவில்லை. அது மேலேறிச் சென்று அவ்விளைஞன் இறந்தான்.

தாம் காப்பாற்ற முடியாமற்போன ஒருவனின் கதையைத் தம் நூலின் முன்பக்கத்திலேயே எழுதி வைத்த நேர்மையை அன்பர்கள் கவனிக்க வேண்டுகிறோம். முறிவும் ரணமும் ஒன்றாய்ச் சேர்ந்த இடத்தில்தான் எலும்பு அழுகல் பெரும்பாலும் பிறக்கிறது. இன்றும் மோட்டார் விபத்துகளில் எலும்பு முறிந்து தோலைக் கிழித்துக்கொண்டு வெளிவரும்போது மருத்துவர்கள் அஞ்சுவது இதற்குத்தான்.

புரையைப் பற்றிய பாடம்

உள்ளே ஒரு பொந்து இருந்து, அங்கிருந்து ஒரு குறுகிய வழி தோலுக்கு வந்து, அதன் வாயிலாக ஓயாமல் நீரோ சீழோ வடிவதையே புரை என்கிறோம். ஸஹ்ராவி இதற்கென நீண்ட அத்தியாயம் ஒன்றை எழுதியிருக்கிறார்.

முதற்பாடம், புரை எங்கே போய் முடிகிறது என்று அறிவது. வழி நேராக இருந்தால் செம்பாலோ இரும்பாலோ ஆன சலாகையை உள்ளே விட்டுப் பார்க்க வேண்டும். வழி வளைந்து போனால் ஈயத்தால் ஆன மெல்லிய சலாகை வேண்டும். ஈயம் இளகி வளைந்து கொடுக்கும். வாய்கள் பல இருந்தால் ஒன்றின் வழியே நீரைச் செலுத்தி, மற்றவற்றில் அது வருகிறதா என்று பார்க்க வேண்டும். வந்தால் எல்லாம் உள்ளே ஒரே பொந்தில் சேர்பவை என்று தெரிந்துகொள்ளலாம். சலாகையின் முனை எலும்பைத் தொட்டு, அது சொரசொரப்பாகப் பட்டால், நோயின் வேர் எலும்பிலேயே இருக்கிறது.

இரண்டாம் பாடம், எங்கே கை வைக்கலாகாது என்பது. பெரிய ரத்தக் குழாய், நரம்பு, குடல், மூத்திரப்பை, விலா எலும்பு, முதுகெலும்பின் கணு இவற்றைச் சென்று சேரும் புரைகளை அறுத்துத் தீர்க்க முனைய வேண்டாம் என்று எச்சரிக்கிறார். அக்காலத்துக் கருவிகளையும் அறிவையும் கொண்டு அங்கே இறங்கினால் நோயைவிட வைத்தியமே முன்னால் கொன்றுவிடும் என்பது அன்னாருக்குத் தெரியும்.

மூன்றாம் பாடம், எலும்பை அறுக்கும் முறை. அழுகல் மேலோட்டமாக இருந்தால் சுரண்டி எடுத்தால் போதும். ஆழமாக இருந்தால் ரம்பத்தால் அறுக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியும் அழுகலின் எல்லையோடு நிறுத்தாமல், சற்று மேலே தள்ளி அறுக்க வேண்டும். ஏனெனில் எலும்பின் உட்குழியில் கண்ணுக்குத் தெரியாத அழுகல் இருந்தால் மீண்டும் அறுக்க நேரிடும். எலும்பின் முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அதில் ஒரு கயிற்றைக் கட்டி ஒருவர் மேலே இழுத்துப் பிடிக்க, தசையின் மேல் கம்பளிப் பட்டை ஒன்றைச் சுற்றிக் கீழே இழுத்துக்கொள்ள வேண்டும். எலும்பின் அடியில் ஒரு பலகையை வைக்க வேண்டும். இவையெல்லாம் ரம்பத்தின் பல் நல்ல தசையில் படாமல் இருக்கும் பொருட்டு. எலும்புகள் பல வடிவினவாக இருப்பதால் ரம்பங்களும் சுரண்டிகளும் பல வடிவில் வேண்டும் என்று கூறி, அவற்றையும் வரைந்து காட்டியுள்ளார்.

ஓர் இளைஞனின் கால்

இப்பாடங்களுக்கு உதாரணமாக ஸஹ்ராவி தம் அனுபவத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறார். ஏறக்குறைய முப்பது வயதுள்ள ஒருவருக்கு முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பில் வலி கண்டது. வெளியிலிருந்து அடி ஏதும் படவில்லை; உள்ளிருந்தே எழுந்த நோய் அது. கால் வீங்கியது. வைத்தியர்கள் தவறான முறையில் மருந்திட, கட்டி வெடித்துச் சீழ் பெருகியது. பல இடங்களில் வாய்கள் திறந்துகொண்டு எல்லாவற்றிலும் சீழ் வடிந்தது. வைத்தியர் பலர் வந்தனர். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் கழிந்தன. ரண சிகிச்சையில் தேர்ந்தவர் அவர்களில் எவரும் இல்லை.

ஸஹ்ராவி அழைக்கப்பட்டபோது அந்த மனிதரின் உடல் இளைத்து, நிறம் மஞ்சளித்திருந்தது. அன்னார் வாய் ஒன்றில் சலாகையை விட்டார்; அது எலும்பில் போய் முட்டியது. மற்ற வாய்களையும் சோதித்தார். யாவும் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்று கண்டார். வாய் ஒன்றின் மேல் அறுத்து எலும்பை வெளிப்படுத்தினார். எலும்பு அரித்துக் கறுத்து, மஜ்ஜை வரையில் துளைபட்டுப்போயிருந்தது. கண்ணுக்குத் தெரிந்த கெட்ட பகுதியை ரம்பத்தால் அறுத்து எடுத்தார். அதற்கு அப்பால் அழுகல் இல்லை என்று எண்ணி, ரணத்தை ஆற்ற மருந்திட்டார்.

நாட்கள் பல சென்றன. ரணம் மூடவில்லை.

அன்னார் மீண்டும் அறுத்தார். முன் அறுத்த இடத்துக்கு மேலேயும் அழுகல் தொடர்ந்து செல்வதைக் கண்டார். அதை எடுத்தார், ஆற்ற முயன்றார், அப்போதும் ஆறவில்லை. மூன்றாம் முறையும் திறந்தார். இவ்வாறு அழுகலைச் சிறிது சிறிதாகப் பின்தொடர்ந்து சென்று, முடிவில் ஏறத்தாழ ஒரு சாண் நீளமுள்ள எலும்பை அதன் மஜ்ஜையோடு எடுத்துவிட்டார். அதன் பிறகு மருந்திட்டதும் ரணம் விரைவில் மூடி ஆறியது. எலும்பு இருந்த இடத்தில் கெட்டியான தசை வளர்ந்து நிரம்பியது. அம்மனிதர் பூரண சுகம் அடைந்து, நன்றாக நடமாடினார்.

ஏன் ஒரே தடவையில் எல்லாவற்றையும் எடுத்துவிடவில்லை என்ற கேள்வி அன்பர்களுக்கு எழலாம். அதற்கும் ஸஹ்ராவியே காரணம் எழுதியிருக்கிறார். நோயாளி மிகவும் பலவீனமாக இருந்தார். சிகிச்சையின்போது அவருக்கு அடிக்கடி மயக்கம் வந்தது. உயிர் போய்விடுமோ என்று வைத்தியர் அஞ்சினார். ஆகவே உடல் தாங்கும் அளவுக்கு அறுத்து, இடையில் அவரைத் தேறவிட்டு, மறுபடி அறுத்தார்.

மயக்கத்துக்கு ஈதர் கொடுப்பதை உலகம் கண்டது 1846ஆம் ஆண்டில். கிருமிகளை அழித்துச் சுத்தமாக அறுவை செய்யும் முறையை லிஸ்டர் வெளியிட்டது 1867ஆம் ஆண்டில். எலும்பை வெளியிலிருந்தே பார்க்கும் கதிரை ரோண்ட்கன் கண்டுபிடித்தது 1895ஆம் ஆண்டில். பெனிசிலினை ஃபிளெமிங் கண்டது 1928ஆம் ஆண்டில். இவற்றுள் ஒன்றும் இல்லாத காலத்தில், பெயர் தெரியாத அந்த நோயாளி தன் காலை மீண்டும் மீண்டும் கத்திக்குக் கொடுத்தார். வைத்தியரின் திறமை பாதி என்றால் அவருடைய பொறுமையும் நம்பிக்கையும் மறு பாதி என்றே சொல்ல வேண்டும்.

இன்றைய மருத்துவம் கூறுவது

இந்நோயின் உள்விவரம் இன்று நன்கு தெரிந்திருக்கிறது. கிருமி எலும்பினுள் புகுந்ததும் உள்ளே சீழ் கட்டுகிறது. எலும்பு தசையைப் போல் விரிந்து கொடுக்காததால் சீழின் அழுத்தம் ரத்தக் குழாய்களை நெரித்துவிடுகிறது. ரத்தம் போகாத எலும்புத் துண்டு செத்துப்போகிறது. செத்த துண்டுக்குள் கிருமி ஒளிந்துகொள்கிறது. நாம் உட்கொள்ளும் மருந்து ரத்தத்தின் வழியே செல்வது. ரத்தம் போகாத இடத்துக்கு மருந்து எவ்வாறு போகும்? ஆகவேதான் எத்தனையோ கிருமிக்கொல்லி மருந்துகள் வந்த பின்னும், நாட்பட்ட எலும்பு அழுகலுக்குச் செத்த எலும்பை எடுத்தெறிவதே சிகிச்சையின் அடிப்படையாக இருக்கிறது. மருந்து அதற்குத் துணை.

எலும்பைச் சுற்றி மெல்லிய உயிருள்ள சவ்வு ஒன்று உண்டு. அது அழியாதிருந்தால் புதிய எலும்பை உண்டாக்க வல்லது. ஸஹ்ராவி கெட்டியான தசை என்று எழுதியது அவ்வாறு வளர்ந்த புது எலும்பாகவே இருக்கலாம் என்று நாம் கருதலாம்.

முழங்காலுக்குக் கீழே முன்புறத்தில் எலும்பு தோலுக்கு மிக அருகில் இருக்கிறது, எளிதில் எட்டலாம். தொடையில் அப்படி அல்ல. தொடை எலும்பு உடம்பிலேயே பெரியது. தடித்த தசைகள் அதைச் சுற்றிலும் மூடியிருக்கின்றன. உட்பக்கமாகப் பெரிய ரத்தக் குழாய் ஓடுகிறது. சீழ் வெளியே வர வழி தேடித் தசைகளுக்கிடையே நீண்ட தூரம் அலைந்து, நோய் இருக்கும் இடத்துக்கு வெகு அப்பால் வாய் திறப்பதும் உண்டு. ஆகவே இன்றைய மருத்துவர் படமெடுத்துப் பார்த்து, பெரும்பாலும் தொடையின் வெளிப்பக்கமாக இறங்குகிறார். செத்த எலும்பை உளியால் செதுக்கிக்கொண்டே போகிறார். எலும்பின் மேல் ரத்தம் பொட்டுப் பொட்டாகக் கசியத் தொடங்கும் இடத்தில் நிறுத்துகிறார். அதுவே உயிருள்ள எலும்பின் எல்லை. பின்னர் நன்கு கழுவி, உண்டான குழியில் கிருமிக்கொல்லி மருந்து கலந்த சிமெண்டு மணிகளை நிரப்புவதும் உண்டு. எலும்பு உறுதியற்றிருந்தால் வெளியிலிருந்து கம்பிச் சட்டம் ஒன்றைப் பொருத்துகிறார். பல வாரங்களுக்கு மருந்து தொடர்கிறது. எலும்பு மிகுதியாகக் குறைந்துவிட்டால், ரஷ்ய மருத்துவர் இலிஸாரோவ் 1950களில் வகுத்த முறைப்படி, எலும்பை வேறிடத்தில் வெட்டி நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வீதம் நகர்த்தி, இடைவெளியில் புது எலும்பை வளரச் செய்யலாம்.

பல தருணங்களில் ஒரே அறுவையோடு இது முடிவதில்லை. இரண்டு, மூன்று தடவை திறக்க வேண்டி வரும். குர்துபாவில் அந்த மனிதருக்கு நடந்ததும் இதுவே. கருவிகள் மாறின, மருந்துகள் மாறின. உயிரற்றதை முழுவதும் நீக்கு, உடல் தாங்கும் அளவறிந்து நீக்கு என்ற இரு விதிகளும் மாறவில்லை.

அறுக்க மறுத்த வைத்தியர்

கத்தியில் கைதேர்ந்தவர் எதற்கும் கத்தியை நீட்டுவார் என்று எண்ண வேண்டாம். உறுப்பு அழுகி நீக்குவதைப் பற்றி எழுதுமிடத்தில் இன்னொரு நிகழ்ச்சியைச் சொல்கிறார். ஒருவரின் பாதத்தில் நெருப்பாய் எரியும் கரிய அழுகல் தோன்றிப் பரவியது. அவர் தம் பாதத்தைத் தாமே மூட்டோடு துண்டித்துக்கொண்டு பிழைத்தார். சில காலம் சென்று அதே நோய் கையில் கண்டது. அவர் ஸஹ்ராவியிடம் வந்து கையை வெட்டிவிடும்படி வேண்டினார். அவருடைய உடல் வலு அதைத் தாங்குமோ என்று அஞ்சியும், மருந்தால் தடுக்கலாம் என்று நம்பியும் அன்னார் மறுத்துவிட்டார். அம்மனிதர் தம் ஊர் திரும்பி, கையையும் தாமே துண்டித்துப் பிழைத்துக்கொண்டார். இந்தச் செய்தி தமக்கு எட்டியதும் அன்னார் அதை மறைக்காமல் எழுதினார். மற்ற வைத்தியர்களுக்கு அது பயன்பட வேண்டும் என்பதே நோக்கம்.

தம் மாணாக்கர்களைப் பெற்ற பிள்ளைகளாகவே விளித்து அன்னார் கூறும் புத்திமதியும் இதுவே. ரண சிகிச்சையில் பத்திரமானவையும் உண்டு, ஆபத்தானவையும் உண்டு. பணத்துக்கு ஆசைப்பட்டோ, பெயருக்கு ஆசைப்பட்டோ ஆபத்தானவற்றில் இறங்க வேண்டாம். நோயின் தன்மையும் முடிவும் தெளிவாகத் தெரிந்த பின்னரே கை வைக்க வேண்டும் என்பது அதன் சாரம்.

நூலின் யாத்திரை

1010ஆம் ஆண்டில் உள்நாட்டுக் கலகத்தில் மதீனத்துஸ் ஸஹ்ரா சூறையாடப்பட்டு அழிந்தது. அதன்பின் மூன்று ஆண்டுகள் அளவில், கி.பி. 1013ஐ ஒட்டி, ஹிஜ்ரி 404 அளவில், ஸஹ்ராவி வபாத்தானார். தம் பெயருக்குக் காரணமான நகரம் அழிந்ததைக் கண்ட பிறகே அன்னார் கண் மூடினார் எனலாம். ஆனால் அன்னாரின் கிதாபு அழியவில்லை.

12ஆம் நூற்றாண்டில் தொலேடோ நகரில் கிரெமோனாவைச் சேர்ந்த ஜெரார்டு என்பவர் ரண சிகிச்சைப் பாகத்தை லத்தீனில் மொழிபெயர்த்தார். 1363ஆம் ஆண்டில் பிரான்ஸ் நாட்டின் பெரும் ரண வைத்தியர் கீ த ஷோலியாக் தம் பெருநூலில் அன்னாரை இருநூறு தடவைக்கு மேல் எடுத்துக்காட்டினார். 1465ஆம் ஆண்டில் துருக்கியில் ஷரஃபுத்தீன் ஸபுன்ஜுஓக்லு என்பவர் பெரும்பாலும் இதைத் தழுவி, வண்ணப் படங்களோடு துருக்கி மொழியில் ஒரு நூல் இயற்றினார். 1497ஆம் ஆண்டில் வெனிஸ் நகரில் லத்தீன் பதிப்பு அச்சேறியது. 1778ஆம் ஆண்டில் ஆக்ஸ்ஃபோர்டில் ஜான் சானிங் அரபு மூலத்தையும் லத்தீனையும் சேர்த்து வெளியிட்டார். 1973ஆம் ஆண்டில் ஸ்பிங்க், லூயிஸ் ஆகிய இருவரும் அரபு மூலத்தோடு ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டனர். இவ்வாறு ஐரோப்பிய ரண வைத்தியர்கள் பல நூற்றாண்டுகள் அன்னாரின் பக்கங்களைப் புரட்டியே தொழில் கற்றனர்.

மதீனத்துஸ் ஸஹ்ராவின் இடிபாடுகளை 1911ஆம் ஆண்டு முதல் தோண்டி எடுத்து வருகின்றனர். 2018ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ நிறுவனம் அதை உலக மரபுச் சின்னங்களுள் சேர்த்தது. கொர்தோபா நகரில் அன்னாரின் பெயர் தாங்கிய வீதி ஒன்றும் உண்டு.

நமக்கு உரிய பாடம்

வணிகப் பெருமக்கள் இந்த வரலாற்றிலிருந்து தங்கள் உடம்புக்கு எடுத்துக்கொள்ள வேண்டியதும் ஒன்று உண்டு. நாள் முழுதும் கடையில் நின்றபடி காலத்தைக் கழிப்பவர்கள் நாம். இனிப்பு நீர் என்று நாம் வழக்கில் சொல்லும் நீரிழிவு நம்மவரிடையே மிகுதி. அந்நோயுள்ளவருக்குக் காலில் உணர்ச்சி குன்றுகிறது. ஆணி குத்தியதும், செருப்புக் கடித்ததும் தெரிவதில்லை. சிறு புண் எலும்பு வரை இறங்கிய பின்னரே கண்ணில் படுகிறது. எப்போதோ முறிந்து தகடு வைத்துக் கட்டிய தொடையில் சில ஆண்டுகளுக்குப் பின் சீழ் வடியத் தொடங்குவதும் உண்டு. இவற்றை வேட்டி மறைவில் வைத்துக்கொண்டு, எண்ணெயும் களிம்பும் தடவி நாளைக் கடத்துவோர் பலர். கடையை யார் பார்ப்பது, பெருநாள் வியாபாரம் முடியட்டும், ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று காரணங்களும் சொல்வர்.

ஆண்டுக்கணக்கில் வடியும் புண்ணின் விளிம்பில் புற்று தோன்றுவதும் உண்டு என்று மருத்துவர்கள் எச்சரிக்கின்றனர். காலம் கடத்தினால் எலும்பில் ஒரு பகுதியை எடுத்தால் போதும் என்ற நிலை போய், காலையே எடுக்க வேண்டிய நிலையும் வந்துவிடும். வசூலாகாத கடனைப் பேரேட்டில் வரவாக வைத்துக்கொண்டே போகும் வியாபாரி ஐந்தொகை போடும் நாளில் விழிப்பது போன்ற நிலை அது.

ஆகவே மூடி மூடித் திறக்கும் புண் உடம்பில் எங்கேனும் இருந்தால், அதை எலும்பு மருத்துவரிடம் காட்டிப் படம் எடுத்துப் பார்த்துவிடுவதே அறிவுடைமை. இரண்டாம் தடவை அறுக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னால், முதல் தடவை கெட்டுவிட்டது என்று மனம் உடைந்து பாதியில் விட்டுவிட வேண்டாம். வீட்டில் உள்ளவர்களும் கூட்டாளிகளும் அதுவரை கடைப் பொறுப்பை ஏற்று, நோயாளிக்குத் தைரியம் சொல்ல வேண்டும். அன்று குர்துபாவில் ஒரு சாண் எலும்பு போயும் அந்த மனிதர் தம் காலாலேயே நடந்தார். வைத்தியர் பாதியில் கைவிடவில்லை. அவரும் பாதியில் எழுந்து போய்விடவில்லை.